மாமாவை வைத்து நீ எடுத்த வீடியோ

கண்ணு,

நீ நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு வழியில்லை. வாரா வாரம் உன்னை டிவியில் பார்க்கிறேன். முகம் கொஞ்சம் வாடியிருந்தால், பையன் சரியாகச் சாப்பிடவில்லை என்று உன் அப்பாவிடம் சொல்லிவிடுகிறேன். நீ பீளமேட்டில் இருக்கிறாய், நாங்கள் கிணத்துக்கடவில் இருக்கிறோம். உக்கடத்தில் ஒரு பஸ் மாறினால் வந்துவிடுகிற தூரத்துக்குக் கடிதமா என்று நீ சிரிப்பாய். போனில் பேசினால் நீ ஜெயித்துவிடுகிறாய், அதுதான் காரணம். நான் ஒன்று சொன்னால் நீ அதற்கு வரிசையாகக் காரணம் சொல்கிறாய். எல்லாமே சரியாகவும் இருந்து தொலைக்கிறது. கடைசியில் "செரி கண்ணு, சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். எழுதினால் நீ நடுவில் பேச முடியாது. உன் வீடியோவை ஊரே பார்த்தது, இந்தக் கடிதத்தையும் ஊர் படித்தால் படிக்கட்டும். எனக்கு மறைக்க ஒன்றும் மிச்சமில்லை.

ஆவணியில் உனக்குக் கல்யாணம். மண்டபம் பேசியாகிவிட்டது, சமையலுக்குச் சொல்லியாகிவிட்டது. ஒன்று மட்டும் நடக்கவில்லை. உன் மாமா, என் ஒரே அண்ணன், உன் நெற்றியில் பட்டம் கட்ட மாட்டேன் என்கிறார். நீ மணவறையில் உட்காரும்போது பட்டம் கட்ட வேண்டியது தாய்மாமன்தான். அதை உன் அப்பா கட்ட முடியாது, நான் கட்ட முடியாது, உன்னைப் பார்க்கிற லட்சக்கணக்கான பேர் சேர்ந்து வந்தாலும் கட்ட முடியாது. அவர் கோபித்துக்கொண்டிருந்தால் பரவாயில்லை, எங்கள் அண்ணனின் கோபத்தை எனக்குச் சமாளிக்கத் தெரியும். இது கோபம் இல்லை. இது என்னவென்று தெரியாமல்தான் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நீ கம்பெனி வேலையை விட்டுவிட்டு வீடியோ போடப்போகிறேன் என்றபோது, "கேமராவுக்கு முன்னால நின்னு பேசறதெல்லாம் ஒரு பொழப்பாடா?" என்று உன் அப்பா குதித்தார். நான் உன் பக்கம் நின்றேன். பெற்ற பாசத்தில் நின்றேன் என்று நீ நினைத்திருப்பாய். பாசமும்தான், ஆனால் அதைவிட எனக்கு அந்த வீடியோக்கள் பிடித்திருந்தன. பாலக்காட்டுப் பக்கம் மலைக்கு நடுவில் ஒரு சந்து இருக்கிறது, அது வழியாகத்தான் நம் ஊருக்குக் காற்று வருகிறது என்று படம் போட்டுக் காட்டினாயே, அன்றைக்கு மொட்டை மாடிக்குப் போய் மேற்கே பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன். இத்தனை வருஷம் அந்தக் காற்றில்தான் துணி காயப்போட்டேன். ஆடி மாதத்தில் துண்டையும் தலையணை உறையையும் பக்கத்துத் தோட்டத்தில் போய்ப் பொறுக்கினேன். இது எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்தை முடித்தவர்களுக்கு அதற்குப்பிறகு யாரும் எதையும் சொல்லித்தருவதில்லை, அவர்களுக்காகத்தான் இதைச் செய்கிறேன் என்று நீ சொல்வாய். அந்த 'அவர்கள்' நான்தான். காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் ஏன் முத்துமுத்தாக ஓடுகிறது, பல்லி ஏன் வாலை விட்டுவிட்டுப் போகிறது என்று உன்னிடம் போனில் கேட்டுக்கொண்டே இருந்தேன். நீயும் சலிக்காமல் சொன்னாய், சிலதை வீடியோவாகவும் போட்டாய். "அம்மா கேட்ட கேள்வி" என்று நீ வீடியோவில் சொல்லும்போதெல்லாம் உன் அப்பா தொண்டையைக் கனைத்துக்கொள்வார். பெருமை அவருக்கு அப்படித்தான் வரும்.

அப்படி ஒருநாள் சட்னிக்குத் தேங்காய் உடைத்துக்கொண்டே கேட்டதுதான் இதுவும். "ஏங் கண்ணு, மாமா கையில படுத்துக் கெடக்கற தேங்கா தண்ணி இருக்கற எடத்துல எந்திரிச்சு நிக்குதே, அது எப்புடி?" "நல்ல கேள்விங்கம்மா" என்றாய். எந்தக் கேள்விக்கும் நீ அப்படிச் சொன்னதில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். தானாக வருகிற சனியனைத் தாம்பூலம் வைத்து அழைத்தவள் நான்.

மாமாவை உனக்கு மாமாவாகத்தான் தெரியும். ஒரு தோட்டத்தில் தண்ணீருக்குப் போர் போடப்போகிறார்கள் என்றால் அங்கே அவர் யார் என்பது எனக்குத் தெரியும். போர் லாரி வந்து நிற்கும், ஆட்கள் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். தோட்டத்துச் சொந்தக்காரர் வேட்டியை மடித்துக் கட்டாமல் மரியாதையாக நிற்பார். மாமா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, உள்ளங்கையில் குடுமித் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு வரப்போரமாக நடப்பார். தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் குச்சியை ஊன்றுவார்கள். அதற்கு அவர் காசு வாங்கியதில்லை. வெற்றிலைபாக்கும் அந்தத் தேங்காயும்தான். தண்ணீர் வந்தால் அவர் கைராசி, வராவிட்டால் தோட்டக்காரரின் நேரம். எந்தப் பக்கம் விழுந்தாலும் மாமாவுக்கு நட்டமில்லை, இதை நினைத்து நான் எத்தனையோ முறை உள்ளுக்குள் சிரித்திருக்கிறேன். ஆனால் அவர் ஏமாற்றினார் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அவர் அதை முழுசாக நம்பினார். நம் தோட்டத்துப் போர்கூட அவர் பார்த்துச் சொன்னதுதான்.

நீ படம் எடுக்க வருகிறாய் என்று சொன்னதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. புதுச் சட்டை எடுத்தார். தேங்காய் ஒன்று போதும் என்று நீ சொல்லியும் ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம், "என்ற மாப்ள படம் புடிக்கறான், நம்ம வித்தை உலகம் பூராப் போகப்போகுது" என்று சொல்லிக்கொண்டே வந்தாராம். முதலில் நம் உழவுக் காட்டில் கண்ணைத் திறந்துகொண்டு நடக்கச் சொன்னாய். தேங்காய் நின்ற இடத்திலெல்லாம் நான் பின்னாலேயே போய்க் கோலமாவு வைத்தேன். பிறகு துண்டால் கண்ணைக் கட்டி, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் அதே காட்டில் மறுபடி நடக்கவிட்டாய். இந்த முறை செம்மண் பொடி வைக்கச் சொன்னாய். வைத்துக்கொண்டே வந்தவளுக்குப் பாதியிலேயே தெரிந்துவிட்டது கண்ணு. வெள்ளை ஒரு பக்கம் இருக்கிறது, சிவப்பு ஒரு பக்கம் இருக்கிறது. ஒன்றுகூட ஒன்றின்மேல் விழவில்லை. உன் டிரோன் மேலே ஏறி ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது. நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ சந்தோஷமாக இருந்தாய்.

துண்டை அவிழ்த்ததும் அவர் வெயிலுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு, "செரியா வந்துச்சா மாப்ள?" என்று கேட்டார். நீ சிரித்துக்கொண்டே, "வீடியோல பாருங்க மாமா" என்றாய். அவரும் சிரித்தார். பெரிய பரிசுப் பொட்டலத்தை நீ பிரிக்காமல் வைத்திருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டார். கண்ணெதிரே காட்டில் கிடந்த புள்ளிகளை அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை, அவ்வளவு நம்பிக்கை. பிறகு எல்லோரும் வீட்டுக்கு வந்து சாப்பிட்டோம். பச்சைப்புளி ரசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தார். நான் பரிமாறினேன். அவ்வளவுதான் செய்தேன்.

அப்புறம் நடந்தது உனக்கு முழுசாகத் தெரியாது. நீ கேட்டபோதும் நான் சொல்லவில்லை. வீடியோ வருகிற ஞாயிற்றுக்கிழமை மாமா தன் வீட்டுக்கு ஆட்களைக் கூப்பிட்டிருந்தார். பெரிய டிவியில் போடச் சொல்லியிருந்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள், அவர் சம்பந்தி வீட்டுக்காரர்கள், போர் லாரி வைத்திருக்கிறவர், எல்லோரும் பாயிலும் நாற்காலியிலும் உட்கார்ந்திருந்தார்கள். உன் அத்தை பஜ்ஜி போட்டுக்கொண்டே இருந்தாள். நான் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் நின்றுகொண்டேன். மாமா திரையில் வந்ததும் கைதட்டினார்கள். அவர் தேங்காயைப் பிடித்திருந்ததை நீ மிகக் கிட்டத்தில் எடுத்திருந்தாய். விரல் எப்படி அசைகிறது, நமக்கே தெரியாமல் சதை எப்படி இழுக்கிறது, அதனால் தேங்காய் எப்படி எழும்புகிறது என்று மெதுவாக ஓடவிட்டுக் காட்டினாய். அவர் கை நடுங்குவது டிவி முழுக்கத் தெரிந்தது. பிறகு மேலிருந்து எடுத்த படம். வெள்ளைப் புள்ளி, சிவப்புப் புள்ளி, நடுவில் ஒரு தவில் சத்தம். தவில் சத்தத்துக்கு எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மாமாவும் சிரித்தார். விளையாட்டு என்றுதான் அவரும் நினைத்தார்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் சிரிப்பு நின்றது. பாறைக்குள் தண்ணீர் ஓடை மாதிரி ஓடவில்லை, விரிசலில்தான் தேங்கி நிற்கிறது, அதைத் தேங்காய் கண்டுபிடிக்காது என்று நீ சொல்லிக்கொண்டிருந்தாய். பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்தார். கோதவாடிப் பக்கத்துக்காரர். மாமா சொன்ன இடத்தில் போர் போட்டுப் போட்டு, போட்ட குழியிலெல்லாம் புழுதிதான் வந்தது அவருக்கு. அவர் சத்தம்கூடப் போடவில்லை. "ஏனுங்க, அப்ப நம்ம காட்டுல போட்டதெல்லாம்?" என்று மட்டும் கேட்டார். மாமா திரும்பி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார். டிவியில் நீ, "எங்க மாமா ஏமாத்துக்காரர் இல்லீங்க, பாவம், அவரு நெஜமாவே நம்பறாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். உன் அத்தை பஜ்ஜித் தட்டோடு வந்து, யாருக்கு நீட்டுவது என்று தெரியாமல் நின்றாள். அந்த நேரம் பார்த்து என் போனில் உன் செய்தி. "எப்படி இருந்துச்சும்மா?" நான் கட்டைவிரல் படத்தை அழுத்தி அனுப்பினேன். வேறு எதை அனுப்புவது என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

நீ எதுவும் பொய் சொல்லவில்லை. இதை நான் கோணியம்மன் முன்னால் வேண்டுமானாலும் சொல்வேன். பொய் சொல்லியிருந்தால் உன் காதைத் திருகியிருப்பேன். அந்த வீடியோவுக்குக் கீழே யாரோ ஒரு பெண் எழுதியிருந்தாள். நகையை அடகு வைத்து இன்னொரு குழி போடப்போனாராம் அவள் வீட்டுக்காரர், இதைப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டாராம். அதை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அவளுக்கு நல்லது நடந்தது. எங்கள் அண்ணனுக்குக் கெட்டது நடந்தது. இரண்டையும் செய்தது ஒரே வீடியோ. இதில் நான் எந்தப் பக்கம் போய் நிற்பது? உன் அப்பாவிடம் கேட்டேன். "உன்ற அண்ணனாச்சு, உன்ற பையனாச்சு, என்னைய உடு" என்று செய்தித்தாளுக்குள் போய்விட்டார்.

பால் சொசைட்டியில் நான் கொழுப்புப் பார்க்கிற வேலையில் இருந்தது உனக்குத் தெரியும். மெஷின் ஒரு எண்ணைக் காட்டும், அதைச் சொல்வதுதான் என் வேலை. சேர்ந்த புதிதில் வரிசையில் நின்ற ஒருவரின் பாலைப் பார்த்துவிட்டு, "தண்ணி சாஸ்தியா இருக்குதுங்களே" என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னேன். நான் சொன்னது சரி. மறுநாளிலிருந்து அவர் சொசைட்டிக்கே வரவில்லை. சொசைட்டி வாசல் வழியாகவே டீக்கடைக்குப் பாலைக் கொண்டுபோனார், என் பக்கம் திரும்பாமல். அதற்குப்பிறகு நான் எண்ணை வாய்விட்டுச் சொல்வதில்லை, சீட்டைத் திருப்பி அவர்கள் பக்கம் வைப்பேன். அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஒரு எண்ணையும் நான் மாற்றியதில்லை. இதை உன்னிடம் போனில் சொன்னபோது நீ என்ன சொன்னாய்? "அம்மா, அது ஒரு ஆளோட பாலுங்க. இது ஊரோட தண்ணி. காதுக்குள்ள சொன்னா அடுத்த குழி போடறவனுக்கு எப்புடித் தெரியும்?" செரி கண்ணு, சாப்பிட்டியா என்றுதான் கேட்டேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், இப்போது நீ நடுவில் பேச முடியாது. ஊருக்குச் சொல்வதற்கு முன்னால் அவருக்குச் சொல்லியிருக்கலாமா இல்லையா? அந்தக் காட்டிலேயே, துண்டை அவிழ்த்த உடனே, "மாமா, ரெண்டும் சேரலீங்க, வந்து பாருங்க" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருந்தால்? அவர் சண்டை போட்டிருப்பார். இன்னொரு முறை நடக்கிறேன் என்று அடம்பிடித்திருப்பார். வீடியோவே வேண்டாம் என்றுகூடச் சொல்லியிருப்பார். உனக்கு அந்தப் பயம் இருந்திருக்கும். ஒருவேளை அப்படியும் கடைசியில் ஒத்துக்கொண்டு, "செரி, போடு, நாலு பேருக்கு நல்லதுன்னாப் போடு" என்று சொல்லியிருப்பாரோ என்னவோ. அதைச் சொல்லும் வாய்ப்பை நாம் அவருக்குக் கொடுக்கவில்லை. நாம் என்றுதான் எழுதுகிறேன், கவனி.

ஏனென்றால் அவர் கேட்டது உன்னை இல்லை. குலதெய்வத்துக்குப் பத்திரிகை வைத்துவிட்டு, அடுத்த பத்திரிகையைத் தட்டில் வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குத்தான் போனோம். மரியாதையாக வரவேற்றார். அப்பாவிடம் மழையைப் பற்றிப் பேசினார். தேங்காய் விலையைப் பற்றிப் பேசினார். உன் பேச்சையே எடுக்கவில்லை. நடுவில் போன் வந்தது, யாரோ நீரோட்டம் பார்க்கக் கூப்பிட்டார்கள். "நம்மகிட்ட ஒன்னுமில்லீங்க, மெஷின் வெச்சுப் பாக்கறவங்களக் கூப்புட்டுக்குங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். நான்தான் பொறுக்கமாட்டாமல் பட்டம் கட்டுகிற பேச்சை எடுத்தேன்.

"கண்ணாலத்துக்கு வாரேன் அம்மணி. பந்தியில உக்காந்து சாப்புட்டுப்போட்டுத்தான் போவேன். பட்டத்த மட்டும் வேற பங்காளி ஊட்டு மாமன் ஆரையாச்சும் கட்டச் சொல்லிரு."

"ஏனுங்ணா இப்படிப் பேசறீங்க? அவனுக்கு நீங்கதான மாமன்."

"நெத்தியில கட்டறப்ப எங்கையி நடுங்கும் அம்மணி. முன்னெல்லாம் நடுங்குச்சான்னு எனக்குத் தெரியாது. இப்பத் தெரிஞ்சுபோச்சு. சோத்துல கைய வெச்சாலும் அதையேதான் பாக்கறேன். அங்க ஆயிரம் பேரு பாப்பாங்க, போனுல படம் புடிப்பாங்க."

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அவர் என்னைச் சமாதானப்படுத்தவில்லை, சின்ன வயதில் நான் அழுதால் முதலில் ஓடிவருகிறவர். தட்டிலிருந்த பத்திரிகையை நேராக்கி வைத்துவிட்டுச் சொன்னார். "ஏமாத்துக்காரன்னு சொல்லியிருந்தா உன்ற பையன்கிட்டச் சண்டைக்குப் போயிருப்பேன். பாவம்னு சொல்லிப்போட்டான். அதுக்கு என்ன பண்றது?" அப்புறம் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "நீயும் அங்கதான நின்ன? பொடி நீதான வெச்ச? அன்னிக்கே உனக்குத் தெரியும்தான அம்மணி?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும், நீ சொல். எல்லாவற்றையும் விளக்குகிறாயே, இதை விளக்கு. நான் தலையைக் குனிந்துகொண்டேன். உன் அப்பா, "நேரமாச்சு, போலாமுங்களா" என்று எழுந்தார். வாசல் வரை வந்து வழியனுப்பினார் அண்ணன். "சாக்கிரதையாப் போங்க" என்றார். வழக்கமாகச் சொல்வதுதான், அன்றைக்கு அதைக் கேட்கவே முடியவில்லை.

இதையெல்லாம் லேசாகச் சொன்னபோது நீ என்ன சொன்னாய் தெரியுமா? "நான் மாமாவ வெச்சு இன்னொரு வீடியோ போட்டர்றேம்மா, அவரோட தோப்பப் பத்தி, நல்லா வரும்." எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. உன் மனசு எனக்குத் தெரியும் சாமி. கையில் சுத்தியல் இருக்கிறவனுக்கு எல்லாம் ஆணிதான். வேண்டாம். அவர் பக்கம் இனிமேல் கேமராவைத் திருப்பாதே. அந்த வீடியோவை நீக்கிவிடு என்றும் நான் சொல்லமாட்டேன். அந்த நகைக்காரப் பெண்ணை நினைத்தால் என்னால் அதைச் சொல்ல முடியவில்லை. நீ நீக்கினாலும் பிரயோஜனமில்லை, மாமா கையை மட்டும் வெட்டி எடுத்து, அதற்குப் பாட்டுப் போட்டு யார் யாரோ அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். நம் குடும்ப குரூப்பிலேயே வந்தது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள், போனை மூட என்ன இருக்கிறது?

வரப்போகிற மருமகளுக்காகவும் ஒன்று சொல்லிவிடுகிறேன், கல்யாணக் கடிதத்தில் இதுவும் இல்லாவிட்டால் என்ன அம்மா நான். அவள் தலை வலிக்கிறது என்றால், தலைவலி ஏன் வருகிறது என்று ஆரம்பிக்காதே. தைலத்தை எடுத்துக் கொடு. அவள் வீட்டில் யாராவது அபத்தமாக ஏதாவது சொன்னால், அன்றைக்கே அந்த இடத்திலேயே திருத்திவிட வேண்டும் என்று உனக்குக் கை பரபரக்கும். வீடு வரும்வரை பொறு. சரியாக இருப்பது உனக்குச் சுலபமாக வந்துவிட்டது, சின்னதிலிருந்தே. வீட்டுச் செலவுக்கு நான் போட்ட கணக்கைத் திருத்துவாய், நானும் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டேன். திருத்தப்பட்டவர்கள் அப்புறம் எங்கே போய் உட்காருகிறார்கள் என்று நான் உனக்குக் காட்டித்தரவில்லை. காட்டித்தர எனக்கும் தெரியவில்லை.

இதற்கு மேல் எழுத நினைத்தது வேறு. உன்னை வரச்சொல்லி, மாமாவைப் பார்த்துப் பேசச்சொல்லி, இப்படி நட, அப்படிச் சொல் என்று எழுதலாம் என்று இருந்தேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஆட்டோ வந்து நின்றது. உன் அத்தை, தனியாக. "வாங்க நங்கை" என்று அண்ணியைக் கூப்பிட்டுக்கொண்டே எழுந்தேன். அவள் உட்காரவில்லை. கையில் மூடிய தாம்பாளம்.

"அவருதான் குடுத்துட்டு வரச் சொன்னாருங்க. நீங்க ஒருக்காப் பாத்துக்குவீங்களாமா. ஏதாச்சும் கொறையிருந்தாச் சொல்லியுடச் சொன்னாரு."

துணியை விலக்கிப் பார்த்தேன். பட்டு வேட்டி, துண்டு, மோதிரம், மஞ்சள் துணியில் சுற்றிய பட்டம். தாய்மாமன் செய்ய வேண்டிய சீரில் ஒன்றுகூடக் குறையில்லை. மேளத்தோடு, தலையில் சுமந்து, மண்டபத்துக்குள் அவர் கொண்டுவர வேண்டிய சீர். ஆட்டோவில் முன்கூட்டியே வந்துவிட்டது. உன் அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாங்காவிட்டால் பிறந்த வீட்டை நானே அறுத்துக்கொண்டதாக ஆகிவிடும். வாங்கினால் அவர் பட்டம் கட்டாததற்கு நான் சம்மதித்ததாக ஆகிவிடும். நான் வாங்கிக்கொண்டேன் கண்ணு. யோசிக்கும் முன்னே கை நீண்டுவிட்டது. ஒரு வாய் காப்பி குடிக்கச் சொன்னேன், ஆட்டோ நிற்கிறது என்று போய்விட்டாள்.

தாம்பாளம் இப்போது மேசைமேல் இருக்கிறது. "இத எங்க வெக்கறது?" என்று உன் அப்பா கேட்டார். சாமி அறையில் வைக்கவும் மனமில்லை, பீரோவில் வைத்துப் பூட்டவும் மனமில்லை. இருக்கட்டும், அங்கேயே இருக்கட்டும் என்றேன். வந்து போகிற ஒவ்வொரு முறையும் அதைச் சுற்றிக்கொண்டு போகிறேன்.

நீ ஞாயிற்றுக்கிழமைக்குள் வா. போனை வீட்டில் வைத்துவிட்டு, இந்தத் தாம்பாளத்தைத் தலையில் வைத்துக்கொண்டு போய், மண்டபத்துக்கு அவர் கையாலேயே கொண்டுவர அவரிடமே திருப்பிக் கொடு. ஊர் பார்க்கட்டும். என்ன சொல்லிக் கொடுப்பது என்று என்னைக் கேட்காதே. அவர் வாங்குவாரா என்றும் கேட்காதே. எனக்குத் தெரியாது.

அம்மா